கால் கூசும் உயரம்

கட்டுமாவடியில் மலை கிடையாது. குன்றும் கிடையாது. கிழக்கே ஆழம் குறைந்த பாக் விரிகுடா. மேற்கே பேராவூரணிப் பக்கமும் அறந்தாங்கிப் பக்கமும் தென்னந்தோப்பு, வயல், கண்மாய் என்று ஒரே சமதரை. மீன் இறங்கும் கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை நடந்தால், ஏற்றம் என்று ஒன்று காலுக்கே தெரியாது. மரம் ஏறுவதோ கொத்து வேலையோ செல்போன் டவர் வேலையோ பார்க்காத ஒருவர், இரண்டு மாடிக்கு மேல் நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் இங்கே ஒரு வாழ்நாளைக் கழித்துவிடலாம்.

ஆனால் லீவு விட்டால் வேன் பிடிக்கிறார்கள். கொல்லிமலை, கொடைக்கானல், ஏற்காடு. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு செய்து நடக்கும்படி திறந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. சமதரையில் வளர்ந்த கால்கள் திடீரென்று காலடியில் கடலைப் பார்க்கின்றன. வேனில் போன கூட்டத்தில் யாராவது ஒருவர் பாதியில் நின்றுவிடுவார். கால் கூசும், அடிவயிறு கலங்கும், உள்ளங்கை வேர்க்கும். "என்னடா மாப்ள, இதுக்கேவா?" என்று சிரிப்பு கிளம்பும். சிரிக்கிறவர்களில் ஒருவர் தன் காலும் கூசுவதை வெளியே சொல்லாமல் நிற்பார் என்பது என் கணிப்பு.

கணிப்புக்கு ஆதாரம் உண்டு. ஜெர்மனியில் 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், பெரியவர்களில் 28 சதவீதம் பேர் உயரத்தில் நிற்கும்போது இப்படிப்பட்ட தொந்தரவை வாழ்க்கையில் ஒருமுறையாவது அனுபவித்ததாகச் சொன்னார்கள். பெண்களில் 32, ஆண்களில் 25. நம் ஊரில் கணக்கெடுத்தால் எண் கொஞ்சம் மாறலாம், ஆனால் இது ஒரு சிலருடைய கோழைத்தனம் அல்ல என்பதற்கு அந்த அளவே போதும். மருத்துவர்கள் இதை மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். உயரத்தில் எல்லோருக்கும் ஏற்படும் இயல்பான தள்ளாட்டம் ஒன்று. அதனால் மனம் சங்கடப்படுவது அடுத்தது. மாடிப்படி, மேம்பாலம் என்று அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கு முற்றிய உயர அச்சம் மூன்றாவது. அடித்தளம் முதலாவதுதான், அதுவோ மனத்தில் தொடங்குவதில்லை. கண்ணில் தொடங்குகிறது.

நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடம்பு முன்னும் பின்னும் சில சென்டிமீட்டர் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆடுவதைக் கண்டுபிடித்துத் திருத்த மூன்று தகவல்கள் மூளைக்குப் போகின்றன: உட்காதின் சமநிலை உறுப்பு, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு, கண் காட்டும் காட்சி. ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். அப்படியே கண்ணை மூடிப் பாருங்கள். கண் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அரை நிமிடத்தில் விளங்கிவிடும்.

கண் இதை எப்படிச் செய்கிறது? மணமேல்குடியிலிருந்து சேதுபாவாசத்திரம் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால், சாலையோரப் பனைமரங்கள் விர்ரென்று பின்னால் ஓடும். தூரத்துத் தோப்பு மெதுவாக நகரும். தொடுவானம் நகரவே நகராது. நாம் அசையும்போது அருகில் உள்ளது அதிகமாகவும், தொலைவில் உள்ளது குறைவாகவும் இடம் மாறித் தெரியும். இதே கணக்கை நிற்கும் உடம்புக்குப் போடுங்கள். தலை 2 சென்டிமீட்டர் ஆடினால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவர் கண்ணுக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக நகரும். 20 மீட்டர் தள்ளியிருக்கும் பொருளோ அதில் இருபதில் ஒரு பங்குதான் நகரும். அவ்வளவு சின்ன நகர்வைக் கண் பிடிப்பது கடினம்.

மலை விளிம்பில் நிற்பவருக்கு நேர்வது இதுதான். எதிரே சுவர் இல்லை, மரம் இல்லை, பக்கத்தில் எதுவும் இல்லை. பார்வையில் படுவதெல்லாம் தொலைவு. உட்காதும் பாதமும் 'ஆடுகிறாய்' என்கின்றன, கண் 'ஒன்றும் நகரவில்லையே' என்கிறது. தகவல் முரண்பட, உடம்பு வழக்கத்தைவிட அதிகமாக ஆடிய பிறகுதான் திருத்திக்கொள்கிறது. தாமஸ் பிராண்ட் என்ற ஜெர்மன் நரம்பியல் மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 1980-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். அருகிலுள்ள அசையாப் பொருள் 3 மீட்டருக்கு மேல் விலகினாலே தள்ளாட்டம் தலைகாட்டத் தொடங்குகிறது என்றார்கள். ஆக, உயரத்தில் கால் கூசுவது கற்பனை அல்ல. அங்கே உங்கள் நிலை உண்மையிலேயே கொஞ்சம் தளர்கிறது. உடம்பு அதை அறிவிக்கிறது, அவ்வளவுதான்.

இதை ஒப்புக்கொண்டால் கட்டுமாவடிக்காரர்களுக்கு ஒரு கேள்வி எழும். நெட்டைத் தென்னை 60 அடிக்குக் குறையாமல் வளர்கிறது. பனையும் அப்படித்தான். தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு அதில் ஏறி இறங்குகிறவருக்குக் கால் கூசுவதில்லையே, ஏன்?

பழக்கம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை மேலே சொன்ன கணக்கு சொல்லிவிடுகிறது. மரம் ஏறுகிறவரின் கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் எப்போதும் மரம் இருக்கிறது. மயிரிழை அசைந்தாலும் பட்டையின் வளையம் நகர்ந்து காட்டும். இரண்டு கையும் இரண்டு பாதமும் மரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்கும் தோலுக்கும் தகவல் குறைவே இல்லை. 60 அடி உயரத்தில் மட்டையைப் பிடித்திருப்பவரைவிட, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி விளிம்பில் 20 அடி உயரத்தில் சும்மா நிற்பவருக்குத்தான் சமநிலைத் தகவல் மோசம். மரம் ஏறுவது பாதுகாப்பான வேலை என்று இதற்குப் பொருள் இல்லை. மரத்திலிருந்து விழுந்து முடங்கியவர்களும் இறந்தவர்களும் உண்டு. தென்னை ஏறுகிறவர்களுக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் தனி விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறது. பயத்தின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

சரி, தள்ளாட்டம் எல்லோருக்கும் பொது. அது சிலருக்கு மட்டும் ஏன் பீதியாக முற்றுகிறது? பிராண்டின் மியூனிக் குழு உயரத்தில் நிற்பவர்களின் தசை, நடை, கண்ணசைவு மூன்றையும் அளந்து பார்த்தது. பயப்படுகிறவரின் காலில் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. உடம்பு முழுக்க விறைத்துக்கொள்கிறது. கழுத்தும் கண்ணும்கூடத் திரும்ப மறுத்துத் தொடுவானத்திலேயே குத்திட்டு நிற்கின்றன. அடி சிறுத்து, நடை மெதுவாகிறது. ஆபத்து வந்ததும் செத்ததுபோலக் கிடக்கும் விலங்கின் பழைய அனிச்சையை இது ஒத்திருக்கிறது என்கிறார்கள் அவர்கள். விறைப்பால் உதவி ஏதும் இல்லை, சிக்கல்தான் கூடுகிறது. கண் திரும்பாவிட்டால் பக்கத்துப் பாறையிலிருந்து கிடைக்கும் தகவலும் போய்விடுகிறது. விறைத்த காலால் சின்னத் தடுமாற்றத்தைக்கூட நெகிழ்ந்து சமாளிக்க முடிவதில்லை. தகவல் குறைய விறைப்பு, விறைப்பால் தகவல் மேலும் குறைவு என்று இது தன்னையே வளர்த்துக்கொள்கிறது.

அந்த அளவீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. உயரம் கூடக்கூட இந்த விறைப்பு கூடுகிறது, ஆனால் முடிவில்லாமல் அல்ல. ஏறத்தாழ 20 மீட்டரில் உடம்பின் விறைப்பு உச்சத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது. மனப் பதற்றம் 40 மீட்டர் வரை ஏறுகிறது, கடும் உயர அச்சம் உள்ளவர்களுக்கு 70 மீட்டர் வரை. அதற்கு மேல் எத்தனை மீட்டர் போனாலும் புதிதாகப் பயம் சேர்வதில்லை. கட்டுமாவடியிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய மனோரா எட்டு நிலைகளோடு நிற்கிறது. கிட்டத்தட்ட அந்த உயரம்தான் 20 மீட்டர். உடம்பைப் பொறுத்தவரை மனோராவின் உச்சியும் கொடைக்கானல் பள்ளத்தாக்கின் விளிம்பும் ஏறக்குறைய ஒரே கணக்கு. 'இதுவே இப்படி என்றால் மலை எப்படி இருக்குமோ' என்று முன்கூட்டியே நடுங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

மனோராவின் அடியில் நின்று கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாலும் சிலருக்குக் கிறுகிறுக்கும், தரையில் நிற்கும்போதே. தலை அவ்வளவு சாயும்போது உட்காதின் உறுப்பு அதற்கு வசதியான நிலையில் இல்லை. மேகம் நகர்ந்தால் கோபுரமே நம் மேல் சாய்வதுபோலத் தோன்றும். பெரிய கோயில் கோபுரங்களின் அடியிலும் இதே அனுபவம் கிடைக்கும். ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு பார்த்தால் நின்றுவிடும்.

இந்தப் பயம் பிறவியிலேயே வருவதா, விழுந்து அடிபட்டதால் வருவதா என்ற கேள்வி பழையது. 1960-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் ஒரு கண்ணாடி மேசை செய்தார்கள். பாதிக் கண்ணாடிக்கு அடியிலேயே கட்டம் போட்ட துணி, மறுபாதியில் துணி தரை மட்டத்தில். கண்ணாடி வழியே பார்த்தால் பள்ளம். தவழும் வயதுக் குழந்தைகள் 36 பேரை நடுவில் விட்டுத் தாய்மாரை இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிடச் சொன்னார்கள். நகர்ந்த 27 குழந்தைகளும் ஆழமில்லாத பக்கம் தவழ்ந்தன. அவற்றில் பள்ளத்தின் பக்கமும் போகத் துணிந்தவை மூன்றே. கன்னியாகுமரிப் பாலத்தில் தயங்கி நிற்கும் பெரியவர்கள் அதே மேசையின் மேல்தான் நிற்கிறார்கள். கண்ணாடி தாங்கும் என்று அறிவுக்குத் தெரியும். கண் அந்தத் தகவலைக் கேட்காது.

ஆனாலும் இதைப் பிறவிப் பயம் என்று முடிவு கட்டிவிட முடியாது. இன்னும் தவழத் தொடங்காத சிசுக்களைப் பள்ளத்தின் பக்கம் படுக்க வைத்தபோது அவற்றின் இதயத்துடிப்பு கூடவில்லை, குறைந்தது. பயப்படாமல் ஆர்வமாகப் பார்த்தன என்று அதற்குப் பொருள். தானே தவழ்ந்து திரிந்த அனுபவம் சேர்ந்த பிறகே எச்சரிக்கை வருகிறது. விழுந்தவர்களுக்குத்தான் பயம் வரும் என்ற எண்ணத்தை நியூசிலாந்தின் டுனெடின் நகரில் ஒரே காலத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு தலைகீழாக்கியது. 5 முதல் 9 வயதுக்குள் விழுந்து பலமாக அடிபட்டவர்கள், 18 வயதில் உயர அச்சம் இல்லாதவர்களின் கூட்டத்தில்தான் அதிகம் இருந்தார்கள். பயமில்லாத பிள்ளைதான் மரத்தில் ஏறி விழுகிறது! சின்ன வயதில் பனையில் ஏறவிடாமல் 'பத்திரமாக' வளர்த்ததால் பிள்ளைக்குப் பயம் வந்தது என்று இதை வைத்து வாதாட நான் தயாரில்லை. விழுந்ததால் வந்தது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், பலர் வெளியே சொல்லாத ஒன்று. விளிம்பில் நிற்கும்போது 'குதித்துவிடுவேனோ' என்று ஒரு நொடி மின்னும் எண்ணம். சாக நினைக்கிறோமா என்று அதைக் கண்டு அரண்டுபோனவர்கள் உண்டு. அமெரிக்காவில் 431 கல்லூரி மாணவர்களிடம் கேட்டு 2012-இல் வெளியான ஆய்வில், தற்கொலை எண்ணமே வந்திராதவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த மின்னலை உணர்ந்திருந்தார்கள். ஆபத்தைக் கண்டு உடம்பு சட்டென்று பின்வாங்குகிறது. ஏன் பின்வாங்கினோம் என்று யோசிக்கும் மனம், குதிக்க நினைத்தோம் போல என்று தப்பாக அர்த்தம் செய்துகொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். விளிம்பை விட்டு விலகிய பிறகும், வீட்டிலும், அந்த எண்ணம் தொடர்ந்தால் அது வேறு விஷயம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பயம் வந்துவிட்டால் என்ன செய்வது? புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளேயே இதற்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. சித்தன்னவாசலில் ஓவியக் குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். அதே குன்றில் ஏழடிப்பட்டம் இருக்கிறது. மேற்குப் பக்கம் ஏறி முகட்டைக் கடந்து, கிழக்குச் சரிவில் பாறையை ஒட்டி நடந்தால் இயற்கைக் குகை. சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் அங்கே வழுவழுப்பாகக் கிடக்கின்றன. ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் தமிழ் பிராமி எழுத்து. குகைக்குப் போக, சரிவில் கால் வைக்க ஏழு குழிகள் வெட்டினார்கள். பெயரே அதனால் வந்தது. இப்போது இரும்புக் கைப்பிடி உண்டு. இல்லாத காலத்தில் அந்தத் துறவிகள் எப்படிப் போய் வந்தார்கள் என்று நினைத்தால் மலைப்புதான்.

அந்தச் சரிவில் கால் கூசினால் முதலில் பார்வையைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 'கீழே பார்க்காதே, தூரத்தைப் பார்' என்று எல்லோரும் சொல்வார்கள். பிடிமானம் இல்லாமல் நிற்கும்போது தூரத்தையே வெறிப்பது விறைத்த உடம்பு தானாகச் செய்யும் தவறு. ஒரு கை தூரத்துப் பாறை, அடுத்து வைக்கப்போகும் இரண்டு மூன்று அடி, இவை பார்வையில் இருக்கட்டும். தூரத்துக் காட்சியை உட்கார்ந்தோ சாய்ந்தோ ரசிக்கலாம். நகரும் மேகம், கீழே ஓடும் வண்டி இவற்றில் கண்ணை நிறுத்த வேண்டாம். எதையும் பிடிக்காமல் பைனாகுலரையோ செல்போன் கேமராவையோ கண்ணுக்கு முன் வைப்பது இருக்கிற கொஞ்சத் தகவலையும் மறைத்துவிடும். விளிம்பில் செல்ஃபி கூடாது என்பதற்கு ஒழுக்கக் காரணம் தேவையே இல்லை.

அடுத்தது தொடுதல். கம்பியை வெள்ளையாகும்வரை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. 1994-இல் ஜான் ஜெக்காவும் ஜேம்ஸ் லாக்னரும் காட்டியபடி, விரல்நுனியை 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தத்தில் ஒரு கம்பியில் வைத்தாலே உடம்பின் ஆட்டம் கணிசமாகக் குறைகிறது. அந்த அழுத்தம் உடம்பைத் தாங்காது, ஆனால் தகவல் தரும். விரலைப் பாறையில் ஓடவிட்டுக்கொண்டே நடந்தால் போதும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கழுத்தை வேண்டுமென்றே இடமும் வலமும் திருப்பினால் விறைப்பு தளரும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். முடியவில்லையா, பத்திரமான இடமாகப் பார்த்து உட்காருங்கள். உட்கார்ந்தபடி பயம் பாதியாக இறங்கும்வரை காத்திருந்து பிறகு முன்னே போவதா பின்னே வருவதா என்று முடிவு செய்வது நல்லது. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், 'ஓடியதால்தான் பிழைத்தோம்' என்ற பாடத்தை மூளை எழுதிக்கொள்ளும். இறங்கும்போது செங்குத்தான இடத்தில் பாறையைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல இறங்குவது எளிது.

கூட வந்தவர்களுக்கு ஒரு வேலைதான்: பின்னாலிருந்து தள்ளக் கூடாது, விளையாட்டுக்குக்கூட.

பயம் இறங்கும்வரை காத்திருப்பது என்ற இந்த வழியை மருத்துவம் கண்டுபிடிக்கும் முன்பே கவிஞர் கதே கண்டுபிடித்துவிட்டார். 1770-இல் ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் படிக்கப் போன அவருக்கு உயரம் ஆகாது. அந்நாளில் உலகிலேயே உயர்ந்த கட்டடமாக இருந்த அந்த ஊர்த் தேவாலயத்தின் கோபுரத்தில் தனியாக ஏறி, உச்சிக்குக் கீழே கால் மணி நேரம் உட்கார்ந்து, பிறகு கைப்பிடி இல்லாத சின்ன மேடையில் வந்து நின்றதைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பயம் சலித்துப்போகும்வரை திரும்பத் திரும்ப ஏறினார். முறை சரி, துணையில்லாமல், கைப்பிடியில்லாமல் செய்ததை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

இன்றைய சிகிச்சையும் அதே படிக்கட்டுதான், படிகள் சின்னவை. ஆக்ஸ்போர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு 2018-இல் உயர அச்சம் உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிவிட்டது. பத்து மாடிக் கட்டடத்துக்குள், மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையைக் காப்பாற்றுவதுபோன்ற வேலைகள். சராசரியாக மொத்தம் இரண்டு மணி நேரம்தான். பயத்தின் அளவு சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகம் செல்போனிலேயே பயிற்சி தரும் செயலி ஒன்றைச் சோதித்து, பயிற்சி எடுத்தவர்கள் நிஜமான கோபுரத்திலும் அதிக உயரம் ஏறினார்கள் என்று 2021-இல் வெளியிட்டது.

கண்ணாடியும் செயலியும் கிடைக்காத இடத்தில் தென்னை இருக்கிறது. மரமேற ஆள் கிடைக்காமல் தவித்த தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தைத் தொடங்கியது. மரத்தைச் சுற்றிக் கம்பி வடம் போட்டு, பாதத்தால் மிதித்து மிதித்து ஏறும் கருவியை ஆறு நாளில் கற்றுத்தருகிறார்கள். அதுவரை மரத்தையே தொட்டிராத பெண்களும் சேர்ந்தார்கள். உளவியலாளர் யாரும் வகுத்த பாடம் அல்ல. ஆனால் மிதி மிதியாக ஏறுவது, எந்த உயரத்திலும் நின்று மூச்சு வாங்க முடிவது, கண்ணெதிரே மரம், கை நிறையப் பிடிமானம் என்று பயத்தை இறக்கத் தேவையான எல்லாம் அந்தக் கருவியில் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்ததுபோக மிஞ்சிய தோப்புகளுக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் ஆள் தேவைப்படுகிறது என்பது வேறு கதை.

தூக்க மாத்திரையோ பதற்றத்துக்கான மாத்திரையோ போட்டுக்கொண்டு மலையேறுவது ஆபத்து. டயஸெபாம் போன்றவை பதற்றத்தோடு சேர்த்துச் சமநிலையையும் மழுங்கடிக்கும். மதுவும் அதே. உயரத்தில் மட்டுமின்றித் தரையிலும் தலை சுற்றுகிறவர்கள் முதலில் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். உட்காது நோயும் ஒற்றைத் தலைவலியின் ஒரு வகையும் இதே முகத்தோடு வரும். ஆறு மாதத்துக்கு மேலாக மாடிப்படியையும் மேம்பாலத்தையும் தவிர்த்து வாழ்கிறவர்கள் மனநல மருத்துவரிடம் போகலாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போனால் போதும்.

பள்ளிச் சுற்றுலா அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல். 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளில் 34 சதவீதம் பேருக்கு இந்தத் தொந்தரவு இருப்பதாக இன்னொரு ஜெர்மன் ஆய்வு சொல்கிறது, பெரியவர்களைவிட அதிகம். ஆண்பிள்ளை பெண்பிள்ளை வித்தியாசமும் இல்லை. சிறுவயதில் தொடங்குவது பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானாக விலகிவிடுகிறது. வளர்ந்த பிறகு முதன்முதலில் வருவதுதான் ஆயுளுக்கும் தங்கிவிடப் பார்க்கிறது. ஏழடிப்பட்டத்தின் பாதி வழியில் ஒரு பையன் உட்கார்ந்துவிட்டால், அவனோடு ஒரு ஆசிரியரும் உட்காரட்டும். மற்றவர்கள் குகையைப் பார்த்துவிட்டு வரட்டும்.